'காமன்' என்றால் என்ன?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப் போவது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி. அந்த வார்த்தை 'காமன்' என்பது. காமன் என்றதும், நெற்றிக்கண்ணால் எரிக்கப்பட்டதாகப் புராணிகர்கள் சொல்லுகிறார்களே, அந்தக் கரும்பு வில்காரரைப் பற்றிய கதை என்று நினைத்து யாரும் எழுந்து போய்விட வேண்டாம். அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் காமன் எரிக்கப்பட்டவன் அல்ல, மிதிக்கப்பட்டவன்.

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஒரு கூட்டமா, அதற்கு அகராதி இல்லையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் அகராதியிலிருந்துதான் ஆரம்பித்தவன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தானிய மண்டியில் எடை போடப் போனவன். இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டுமென்ற ஆசையில் பழைய புத்தகக் கடையில் ஒரு அகராதி வாங்கினேன். மலிவாகக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் முன்பக்கங்கள் எல்லாம் கிழிந்து போயிருந்தன. ஆகையால் என்னுடைய இங்கிலீஷ் 'ஏ'யிலும் 'பி'யிலும் ஆரம்பிக்கவில்லை, 'சி'யிலேதான் ஆரம்பித்தது. அப்படி ஆரம்பத்திலேயே என் கண்ணில் பட்ட வார்த்தைகளில் ஒன்று இந்தக் 'காமன்'.

அதற்கு அந்த அகராதியில் போட்டிருந்த அர்த்தங்களைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். முதல் அர்த்தம்: எல்லோருக்கும் உரியது, பொதுவானது. இரண்டாவது: வழக்கமானது, சாதாரணமானது. மூன்றாவது: பட்டம் பதவி இல்லாத ஜனங்களைச் சேர்ந்தது. நான்காவது: மட்டமானது, இழிவானது. எல்லோருக்கும் உரியது என்பது எங்கே, இழிவானது என்பது எங்கே? எல்லோருக்கும் உரியதாக இருப்பது எப்படி இழிவாகும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவன்தான் நான். கிடைத்த விடையை உங்கள் முன் வைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் சிறு பையனாக இருந்தபோது என் தகப்பனார் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கச்சேரிக்குப் போனார். அவர் மூட்டை தூக்குகிறவர். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "யாரய்யா நீ?" என்று கேட்டார். என் தகப்பனார் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "நாங்க சாதாரண ஆளுங்க, சாமி" என்றார். "சாதாரண ஆள்தானே, வெளியே நில்" என்று பதில் வந்தது. நின்றோம். பொழுது சாய்ந்து கச்சேரியைப் பூட்டுகிற வரையில் நின்றோம். அந்தச் 'சாதாரண' என்ற வார்த்தை அன்று முதல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

வார்த்தையின் பிறப்பு

'காமன்' என்பது லத்தீன் பாஷையிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை. லத்தீனில் 'கொம்யூனிஸ்' என்பார்கள். அதில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று 'சேர்ந்து' என்பது; மற்றொன்று கடமை, சுமை என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. ஆகவே காமன் என்றால் சுமையைச் சேர்ந்து சுமப்பது என்பதே ஆதி அர்த்தம். ஊரில் ஏரிக்கரை உடைந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போகிறோமே, அதுதான் காமன். சுமையில் பங்கு உண்டு. ஆகையால் தண்ணீரிலும் பங்கு உண்டு. இதில் இழிவு எங்கே இருக்கிறது?

இழிவு வார்த்தையில் இல்லை, தோழர்களே! சுமக்காமல் சாப்பிட்டவர்களுடைய நாக்கில் இருந்தது. அந்தச் சுமையைத் தாங்கள் சுமக்காமல் பிறர் தலையில் ஏற்றிவிட்டவர்கள், சுமந்தவனைப் பார்த்து, "நீ காமன், நான் மேலானவன்" என்றார்கள். பத்துத் தலைமுறை இப்படிச் சொன்னால், அகராதிக்காரன் என்ன செய்வான்? அவன் ஊர் வழக்கத்தை எழுதி வைக்கிறவன்தானே! எழுதி வைத்துவிட்டான்.

இது ஒரு வார்த்தைக்கு மாத்திரம் நேர்ந்த கதி அல்ல. இங்கிலீஷில் 'மீன்' என்று ஒரு வார்த்தை உண்டு. நாம் குழம்பு வைக்கிற மீன் அல்ல. கஞ்சன், அற்பன் என்று இன்று அதற்கு அர்த்தம். பழைய இங்கிலீஷில் அதற்கும் 'பொதுவானது' என்பதுதான் அர்த்தம். 'வில்லன்' என்று சினிமாவில் சொல்லுகிறோம். அவன் யார்? பண்ணையில் கட்டுண்டு கிடந்த குடியானவனுக்குத்தான் அந்தப் பெயர். கிராமத்தில் உழுதவன், கதையில் கொலைகாரனாகிவிட்டான்! 'சர்ல்' என்றால் பட்டம் இல்லாத சுதந்திர மனிதன். இன்று அதற்கு முரடன் என்று அர்த்தம். 'பூர்' என்றால் விவசாயி; இன்று நாகரிகம் தெரியாதவன். 'லூட்' என்றால் பாதிரியல்லாத, படிப்பில்லாத மனிதன், இன்று ஆபாசக்காரன். 'வல்கர்' என்றால் ஜனங்களுடையது, இன்று அருவருப்பானது.

இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 'ஜென்டில்' என்ற வார்த்தைக்கு ஆதியில் நல்ல குலத்தில் பிறந்தவன் என்று அர்த்தம். இன்று அது மென்மையான, இனிய குணமுள்ளவன் என்றாகிவிட்டது. 'நோபிள்' என்றால் பிரபலமானவன், பிரபுவாகப் பிறந்தவன். இன்று உயர்ந்த உள்ளம் படைத்தவன். பிரபுக்கள் குடியானவனைத் தூக்கில் போட்டார்கள், நிலத்தைப் பிடுங்கினார்கள். ஆனாலும் அவர்கள் பெயர் நற்குணத்தின் பெயராயிற்று. உழுதவன் பெயர் துர்க்குணத்தின் பெயராயிற்று. இது தானாக நடந்திருக்குமா என்று கேட்கிறேன். எழுதுகோல் யார் கையில் இருந்ததோ அவர்களுடைய வியாக்கியானம் அல்லவா இது?

பெயர் மாத்திரம் காமன்

இங்கிலாந்தின் பார்லிமெண்டில் இரண்டு சபைகள் உண்டு. ஒன்று பிரபுக்கள் சபை. மற்றொன்று 'ஹவுஸ் ஆஃப் காமன்ஸ்'. 1265-ஆம் ஆண்டில் சைமன் டி மோன்ட்ஃபோர்ட் என்பவர் ஜில்லாவிலிருந்து வீரர்களையும் பட்டணங்களிலிருந்து பிரதிநிதிகளையும் கூட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் காமன்ஸ் சபை.

காமன்ஸ் சபை என்றதும் உழுகிறவனும் நெய்கிறவனும் உட்கார்ந்திருந்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 1711-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஜில்லா அங்கத்தினராக வேண்டுமானால் வருஷத்துக்கு 600 பவுன் வருமானம் தருகிற நிலம் வேண்டும். பட்டண அங்கத்தினருக்கு 300 பவுன் வேண்டும். 1858 வரையில் இந்தச் சட்டம் இருந்தது. 1911 வரையில் அங்கத்தினர்களுக்குச் சம்பளமும் கிடையாது. அதாவது கூலிக்காரன் ஒருவன் தப்பித் தவறி ஜெயித்தாலும் பட்டினி கிடந்துதான் சட்டம் செய்ய வேண்டும். பெயர் காமன், உள்ளே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பணக்காரர்கள்.

1892-இல் கெயர் ஹார்டி என்பவர் அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்து வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர் அவர். மற்றவர்கள் உயரமான பட்டுத்தொப்பி வைத்துக்கொண்டு வருகிற இடத்தில் இவர் துணித்தொப்பியோடு வந்தார். அதற்கு எவ்வளவு கூச்சல் தெரியுமா? காமன்ஸ் சபைக்குள் ஒரு உண்மையான காமன் நுழைந்துவிட்டான் என்பதுதான் அந்தக் கூச்சலின் அர்த்தம்!

ஓட்டு விஷயமும் அப்படியே. 1918-இல்தான் 21 வயதான ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. பெண்களுக்கு அப்போது 30 வயதும், சொத்து சம்பந்தமான நிபந்தனையும் வேண்டும் என்றார்கள். ஆணுக்குச் சமமான ஓட்டு பெண்ணுக்கு 1928-இல்தான் கிடைத்தது. பிறப்பினாலேயே சட்டசபையில் உட்காரும் பிரபுக்கள் 92 பேரைத் தவிர மற்றவர்கள் வெளியேற்றப்பட்டது 1999-இல். 1265-இல் போட்ட பெயருக்கு அர்த்தம் வருவதற்கு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பொது நிலம் போன கதை

'காமன்' என்பதற்கு அந்த நாட்டில் இன்னொரு அர்த்தம் உண்டு. நம் ஊர் மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு போன்ற நிலத்துக்குக் 'காமன்' என்று பெயர். அந்த நிலம் பத்திரத்தில் ஒரு பிரபுவின் பெயரில் இருந்தாலும், அதில் மாடு மேய்க்கவும், விறகு எடுக்கவும், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டவும், மீன் பிடிக்கவும், பன்றி மேய்க்கவும் குடிகளுக்கு உரிமை உண்டு. ஒரு பசுவும் இரண்டு வாத்தும் வைத்துக்கொண்டு ஏழைக் குடும்பம் பிழைத்தது அந்த உரிமையினால்தான்.

அந்த நிலத்துக்கு வேலி போட ஆரம்பித்தார்கள். திருட்டுத்தனமாக அல்ல, சட்டம் போட்டு! 1604 முதல் 1914 வரையில் 5,200-க்கு மேற்பட்ட வேலிச் சட்டங்களைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. அவற்றினால் வேலிக்குள் போன நிலம் சுமார் 68 இலட்சம் ஏக்கர். அந்தச் சட்டங்களை நிறைவேற்றிய சபைகளில் ஒன்றின் பெயர் காமன்ஸ் சபை! காமன்ஸ் சபை காமன் ஜனங்களின் காமன் நிலத்தைப் பிடுங்கிக் கொடுத்தது. வேலி போட்டதனால் விளைச்சல் பெருகிற்று என்று வாதிப்பவர்கள் உண்டு. பெருகியிருக்கலாம். பெருகிய விளைச்சல் யார் களஞ்சியத்துக்குப் போயிற்று, பசுவை விற்றுவிட்டுப் பட்டணத்துக்கு ஆலைக் கூலியாகப் போனவன் யார் என்பதுதான் என் கேள்வி.

எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. 1649-இல் இங்கிலாந்தில் அரசன் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட வருஷத்திலேயே, ஜெரார்டு வின்ஸ்டன்லி என்பவரும் அவருடைய தோழர்களும் சர்ரே ஜில்லாவில் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொது நிலத்தைக் கொத்திப் பயிரிட்டார்கள். பூமி எல்லோருக்கும் பொதுவான பொக்கிஷம் என்பது அவர்கள் கொள்கை. அடித்து விரட்டினார்கள், குடிசைகளைப் பிடுங்கினார்கள், அடுத்த வருஷத்துக்குள் அந்த முயற்சி ஒடுக்கப்பட்டது.

ஆனால் எல்லா இடத்திலும் தோற்கவில்லை. லண்டனுக்குப் பக்கத்தில் எப்பிங் காடு என்று ஒன்று உண்டு. அங்கே குளிர்காலத்தில் மரக்கிளை வெட்டி விறகு எடுக்கும் பழைய உரிமை ஊராருக்கு இருந்தது. நிலச் சொந்தக்காரர் வேலி போட்டார். தாமஸ் வில்லிங்கேல் என்னும் வயதான விறகுவெட்டி வேலியை லட்சியம் செய்யாமல் போய்க் கிளை வெட்டினார். அவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் 1866-இல் சிறைக்குப் போனார்கள். விஷயம் பற்றிக்கொண்டது. லண்டன் நகரசபை வழக்கில் இறங்கியது. 1874-இல் வேலி போட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. 1878-இல் அந்தக் காட்டைப் பொதுஜனங்களுக்காகக் காப்பாற்றும் சட்டம் வந்தது. இன்றும் ஜனங்கள் அங்கே தாராளமாக உலாவுகிறார்கள். ஒரு 'காமன்' கிழவரின் கோடரி செய்த காரியம் அது!

படிக்கக் கூடாத காமன்

இனி மத விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பைபிள் வெகுகாலம் லத்தீன் பாஷையில் இருந்தது. லத்தீன் பாதிரிக்குத் தெரியும், உழுகிறவனுக்குத் தெரியாது. வில்லியம் டிண்டேல் என்பவர் அதன் புதிய ஏற்பாட்டை ஜனங்களின் இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1526-இல் ஜெர்மனியில் அச்சிட்டு அனுப்பினார். அவருக்குக் கிடைத்த சம்மானம் என்ன? 1536-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலைத் தீயில் போட்டார்கள்.

சில வருஷங்களில் அரசனே இங்கிலீஷ் பைபிளைக் கோவில்களில் வைக்கச் சொன்னான். ஜனங்கள் படிக்க ஆரம்பித்தார்கள். படித்தவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். உடனே 1543-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பிரபுவும் கனவானும் இங்கிலீஷ் பைபிளைப் படிக்கலாம். பிரபு வீட்டுப் பெண் தனியே தனக்காகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் கைத்தொழிலாளி, கூலியாள், வேலைக்காரன், விவசாயி, சாதாரண வீட்டுப் பெண் ஆகிய இவர்கள் படிக்கக் கூடாது! கடவுள் எல்லோருக்கும் பொது என்று சொல்லுகிறார்கள். அவர் சொன்னதாகச் சொல்லப்படும் புத்தகம் மாத்திரம் எல்லோருக்கும் பொது அல்ல. அந்த அரசன் செத்தபின் 1547-இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1549-இல் வந்த ஜெபப் புத்தகத்துக்குப் 'பொது ஜெபப் புத்தகம்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் உள்ள வார்த்தையும் இந்தக் 'காமன்'தான்.

நம் நாட்டில், காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்தவர்களை நாம் கண்டிக்கிறோம். அந்தப் புத்தி ஒரு நாட்டுக்கோ ஒரு மதத்துக்கோ மாத்திரம் சொந்தமல்ல என்று தெரிந்துகொள்ளுவதற்காகவே இதைச் சொல்லுகிறேன். படிப்பை எவன் அடைத்து வைத்துப் பிழைக்கிறானோ அவன் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் சட்டம் எழுதுவான்.

பொது மனிதன், பொது மகள்

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷில் 'காமன் மேன்' என்றால் சாதாரண மனிதன், நாட்டின் முதுகெலும்பு என்று மரியாதையாகச் சொல்லுகிறார்கள். 'காமன் வுமன்' என்றால்? பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் அதற்கு விலைமாது என்று அர்த்தம்! ஆண் பொதுவானால் பெருமை; பெண் பொதுவானால் விபசாரம். இது இங்கிலீஷ்காரனின் புத்தி மாத்திரம் என்று சிரிக்காதீர்கள். நம் தமிழில் 'பொதுமக்கள்' என்றால் கௌரவமான வார்த்தை. 'பொதுமகள்' என்றால் என்ன அர்த்தம் என்று அகராதியைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு பாஷைகள், இரண்டு கண்டங்கள். ஆண்பிள்ளையின் புத்தி ஒன்று.

இது வெறும் வார்த்தை விவகாரம் அல்ல. 1864, 1866, 1869 ஆகிய வருஷங்களில் இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டங்கள் என்று செய்தார்கள். பட்டாளங்கள் இருக்கும் ஊர்களில், ஒரு பெண்ணைப் பார்த்து இவள் 'காமன்' விலைமாது என்று போலீஸ்காரன் சந்தேகப்பட்டால் போதும். அவளை இழுத்துப் போய் உடம்பைப் பரிசோதனை செய்யலாம். மறுத்தால் சிறை. அவளிடம் போன சிப்பாய்க்குப் பரிசோதனையும் இல்லை, சிறையும் இல்லை. நோய் ஒருவருக்கொருவர் பரவுவது. சட்டம் ஒருவர்மீது மாத்திரம் பாய்வது! இதே மாதிரிச் சட்டத்தை 1868-இல் இந்தியாவிலும் கொண்டுவந்தார்கள். ஜோசஃபின் பட்லர் என்ற அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கல்லெறிந்தார்கள், அவர் பேசிய இடத்துக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. 1886-இல் இங்கிலாந்தில் அந்தச் சட்டங்கள் ரத்தாயின. ஆனாலும் 'காமன் விலைமாது' என்ற அந்த வார்த்தையை இங்கிலாந்தின் தெருக்குற்றச் சட்டத்திலிருந்து எடுத்தது எப்போது தெரியுமா? 2009-இல் செய்த சட்டத்தினால்தான். ஒரு வார்த்தையைச் சட்டத்திலிருந்து பிடுங்குவதே இவ்வளவு கஷ்டம் என்றால், மனதிலிருந்து பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

காமன் சென்ஸ்

இப்போது நமக்கு மிகவும் வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 'காமன் சென்ஸ்' என்று அடிக்கடி சொல்லுகிறோம். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் உட்புலன் ஒன்று உண்டு என்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் சொன்னதிலிருந்து வந்த பெயர் இது. பின்னால் அது, எல்லோருக்கும் உள்ள சாதாரண அறிவு என்றாயிற்று.

இந்தப் பெயரில் 1776 ஜனவரியில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் தாமஸ் பெயின். அவர் பண்டிதரா? பிரபுவா? இல்லை. பெண்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டும் கச்சு தைக்கிற தொழிலாளியின் மகன். தானும் அந்தத் தொழிலைச் செய்தவர். அவர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி: அப்பன் அரசன் என்பதற்காக மகனும் அரசனாக வேண்டுமா? வைத்தியர் மகன் என்பதற்காகப் படிக்காதவனிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுவோமா? இந்த இரண்டாவது கேள்வி என்னுடையது. ஆனால் அவருடைய தர்க்கம் இந்த வழியில்தான் போயிற்று. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது.

பின்னால் அவர் 'மனிதனின் உரிமைகள்' என்ற புத்தகத்தை எழுதினார். விலை அதிகமான பதிப்பாக, படித்த கனவான்கள் கையில் இருந்தவரையில் இங்கிலாந்து சர்க்கார் பொறுத்துக்கொண்டிருந்தது. மலிவுப் பதிப்பு வந்து நெசவாளியும் செருப்புத் தைப்பவனும் படிக்க ஆரம்பித்தவுடன் வழக்கு! 1792-இல், அவர் பிரான்ஸ் தேசத்தில் இருக்கும்போதே, குற்றவாளி என்று தீர்ப்புச் செய்தார்கள். 1543-க்கும் 1792-க்கும் நடுவில் 249 வருஷங்கள். ஆனால் பயம் ஒன்றே: காமன் மனிதன் படித்துவிடுவானோ! அவருடைய 'பகுத்தறிவு யுகம்' என்ற நூலை அச்சிட்டு விற்றதற்காக ரிச்சர்டு கார்லைல் என்பவர் 1819-இல் தண்டிக்கப்பட்டு ஆறு வருஷம் சிறையில் இருந்தார். அவர் மனைவியும் சகோதரியும் கடையைத் தொடர்ந்து நடத்தினார்கள். அவர்களையும் சிறையில் போட்டார்கள். பிறகு கூலிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கடையில் உட்கார்ந்து விற்றுச் சிறைக்குப் போனார்கள். அவர்கள் எல்லோரும் சாதாரண ஆட்கள்தான், தோழர்களே!

ஒரு எச்சரிக்கை

இவ்வளவு சொன்னபிறகு, 'அப்படியானால் பொதுவாக இருப்பதெல்லாம் நல்லது, ஜனங்கள் எல்லோரும் நம்புவதெல்லாம் உண்மை' என்று நீங்கள் நினைத்துவிட்டால் என் பேச்சு வீணாகிவிடும். ஏனென்றால் இதே 'காமன்' என்ற வார்த்தையைத்தான் புரட்டர்களும் பிடித்துக்கொள்ளுகிறார்கள். "ஊரில் எல்லோரும் செய்கிறார்கள், காலம் காலமாக வழக்கமாக இருக்கிறது, நீ ஒருவன்தான் புத்திசாலியா?" என்று நம்மைக் கேட்கிறார்களா இல்லையா?

அவர்களுக்கு இதுதான் பதில். உரிமை என்பது பொதுவாக இருக்க வேண்டும். உண்மை என்பது பொதுவாக நம்பப்படுவதால் ஏற்படுவதல்ல. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்பது உலகமெல்லாம் பொதுவான நம்பிக்கையாக இருந்தது. பாமரனும் நம்பினான், பாதிரியும் நம்பினான். ஏழைகள் பைபிள் படிக்கக் கூடாது என்று சட்டம் வந்த அதே 1543-இல்தான் கோப்பர்னிகஸ் என்பவரின் புத்தகம், பூமிதான் சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு வெளிவந்தது. எல்லோரும் நம்பினார்கள் என்பதற்காகப் பூமி நின்றுவிட்டதா?

வீட்டு உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். ஜலதோஷத்துக்கு இங்கிலீஷில் 'காமன் கோல்டு' என்று பெயர். பொதுவான குளிர் என்று அர்த்தம். குளிரினால்தான் வருகிறது என்று ஜனங்கள் நம்பி வைத்த பெயர். இந்தச் சாதாரண நோயை ஆராய இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊருக்குப் பக்கத்தில் 1946-இல் ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தி, பல வருஷங்கள் நடத்தினார்கள். சம்பந்தப்பட்ட கிருமிகளில் முக்கியமான ஒரு வகையை 1950-களில்தான் கண்டார்கள். அதில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட உள்வகைகள் இருக்கின்றன. ஒவ்வொருவர் மூக்கிலும் வந்து போகிற நோய். அதன் காரணம் இருபதாம் நூற்றாண்டு வரையில் மறைவாக இருந்தது. பொதுவானது என்பதால் நமக்குப் புரிந்துவிட்டது என்று ஆகாது. தினமும் பார்ப்பதைத்தான் நாம் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். சாதியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் நாம் யோசிக்காததற்கும் அதுதான் காரணம்: வழக்கமாகிவிட்டது.

ஆகவே யாராவது 'இது காமன்' என்று சொன்னால், உடனே ஒரு கேள்வி கேளுங்கள். எல்லோருக்கும் உரியது என்கிறாயா? அப்படியானால் என் பங்கு எங்கே? எல்லோரும் செய்வது என்கிறாயா? அப்படியானால் அதற்குக் காரணம் என்ன? மட்டமானது என்கிறாயா? அப்படியானால் அப்படிச் சொல்ல நீ யார்? இந்த மூன்று கேள்விகளும் கையில் இருந்தால், எந்தக் கச்சேரியிலும் எந்தக் கோவிலிலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

கடைசியாக

1942-இல் அமெரிக்காவின் உபஜனாதிபதியாக இருந்த ஹென்றி வாலஸ், வரப்போவது காமன் மனிதனின் நூற்றாண்டு என்று பேசினார். நம் நாட்டில் ஆர். கே. லக்ஷ்மண் 1951 முதல் ஒரு பத்திரிகையில் 'காமன் மேன்' என்று ஒரு கிழவரைச் சித்திரமாகப் போட்டு வந்தார். வேஷ்டியும் கட்டம் போட்ட கோட்டும் மூக்குக்கண்ணாடியுமாக அந்தக் கிழவர் எல்லா மந்திரிகளுக்கும் பக்கத்தில் நிற்பார். எல்லா அக்கிரமத்தையும் பார்ப்பார். ஆனால் வாயைத் திறக்கவே மாட்டார். அந்தச் சித்திரத்தைப் பார்த்து நாமெல்லாம் சிரித்தோம். அவர் வாயைத் திறந்தால் என்ன பேசுவார் என்று எத்தனை பேர் யோசித்தோம்?

அன்று கச்சேரியில் என் தகப்பனாரும் அப்படித்தான் நின்றார். அவர் இப்போது உயிரோடு இல்லை. இன்று அவர் பக்கத்தில் நான் நின்றால், துண்டை இடுப்பிலிருந்து எடுத்து அவர் தோளிலேயே போடுவேன். "ஆமாம் ஐயா, நாங்கள் சாதாரண ஆட்கள்தான். இந்தக் கட்டிடத்துக்குக் கல் சுமந்தவர்கள் நாங்கள். வாங்குகிற தீப்பெட்டிக்கு நாங்கள் கொடுக்கிற வரியிலிருந்துதான் உங்களுக்குச் சம்பளம். சுமையில் எங்களுக்குப் பங்கு இருக்கிறது, ஆகையால் உள்ளே நிற்பதற்கும் பங்கு இருக்கிறது" என்று அவரைச் சொல்லச் சொல்லுவேன். அந்த வார்த்தையின் ஆதி அர்த்தமே அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. இன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

தோழர்களே! நான் சொன்னதில் தவறு இருந்தால் திருத்துங்கள். சரி என்று பட்டால், இந்தக் கூட்டத்துக்கு வராத ஒருவருக்காவது சொல்லுங்கள்.